இந்தியாவில் எந்தச் சைகை மொழியைக் கற்பது?

சென்னையில் ஒருவர் சைகை மொழி கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை மொழி. சற்று விவரம் தெரிந்தவராக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு இந்தியச் சைகை மொழி அகராதியைத் தேடிப் பிடிப்பார். அதிலிருந்து நூறு இருநூறு சைகைகளை மனப்பாடம் செய்துகொண்டு, தன் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் காது கேளாத பெரியவரிடம் போய்ப் பேசிப் பார்த்தால், அவர் பாதியைப் புரிந்துகொள்வார். மீதிக்குப் புருவத்தைச் சுருக்குவார். இரண்டொரு சைகைகளைத் திருத்தியும் விடுவார். அகராதி மேலும் தப்பில்லை, பெரியவர் மேலும் தப்பில்லை. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுப் பள்ளி வரலாறு அந்தப் பாதிக்கும் மீதிக்கும் நடுவே கிடக்கிறது.

சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதான் என்ற எண்ணம் நன்கு படித்தவர்களிடமும் உண்டு. அந்த எண்ணத்தை விட்டவர்கள் அடுத்து நினைப்பது, பேச்சு மொழிக்கு ஒன்றாகச் சைகை மொழியும் இருக்கும் என்று: தமிழருக்குத் தமிழ்ச் சைகை, மலையாளிக்கு மலையாளச் சைகை. இதுவும் சரியில்லை. பிரிட்டனில் பேசுவதும் ஆங்கிலம், அமெரிக்காவில் பேசுவதும் ஆங்கிலம். ஆனால் இரு நாட்டுக் காது கேளாதோரும் சந்தித்தால் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளிக்கு ஆசிரியராக வந்த லோரான் கிளேர், பாரிஸ் பள்ளியில் படித்துவிட்டுக் கப்பலேறியவர். கனடாவின் கதை இன்னும் சுவையானது. அங்கே ஹாலிஃபாக்ஸில் 1856இல் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர்கள் பிரிட்டனிலிருந்து வந்த காது கேளாத இருவர். ஆகவே கிழக்குக் கரையில் பிரிட்டிஷ் வழிவந்த சைகை மொழி வேரூன்றியது. கத்தோலிக்கத் துறவிகள் பள்ளி நடத்திய மான்ட்ரியலில் கியூபெக் சைகை மொழி. ஒன்டாரியோவிலும் மேற்கிலும் அமெரிக்கச் சைகை மொழி. டொரன்டோவில் ஆங்கிலம், ஹாலிஃபாக்ஸிலும் ஆங்கிலம். கைகள் மட்டும் வேறு வேறு வம்சம்.

பள்ளியை யார் தொடங்கினார்கள், முதல் ஆசிரியர் எங்கிருந்து வந்தார், விடுதியில் யார் யாரோடு படுத்துறங்கினார்கள் என்பதுதான் சைகை மொழிகளின் எல்லைகளை வரைகிறது. இந்தியாவிலும் அப்படித்தான். மொழிவாரி மாநிலங்களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு சைகை மொழியைத் தேடுகிறவர் வழிதவறிப் போவார்.

காரணம் எளிது. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். மற்ற மொழிகளெல்லாம் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகின்றன. சைகை மொழி பெரும்பாலும் பெரிய வகுப்புப் பிள்ளையிடமிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைக்குப் போகிறது. பள்ளிக்கு வரும்வரை அந்தக் குழந்தையிடம் இருப்பது வீட்டுச் சைகைகள் மட்டுமே: சாப்பாட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. பள்ளிக்கே போகாமல் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் அவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர் என்று சொல்கிறது. இவர்கள் அனைவருக்கும் சைகை மொழி தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. முதுமையில் காது மந்தமானவர்கள் இதில் உண்டு. பள்ளி வாசலையே மிதிக்காதவர்களும் உண்டு.

இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தன. பம்பாயில் 1880களில் ஒன்று, கல்கத்தாவில் 1893இல் ஒன்று. பாளையங்கோட்டையில் 1890களில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. இவை பிறந்த நேரம் சரியில்லை. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்களின் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சும் உதட்டசைவைப் படிப்பதும்தான் கல்வி என்று தீர்மானம் போட்டிருந்தது. உலகம் முழுவதும் பள்ளிகளில் அந்தக் காற்றுதான் வீசியது. ஆக, அமெரிக்காவுக்கு ஒரு கிளேர் கிடைத்ததுபோல இந்தியாவுக்கு யாரும் கிடைக்கவில்லை. எந்த நாட்டுச் சைகை மொழியும் இங்கே முழுசாக இறக்குமதியாகவில்லை. வகுப்பறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள், மாலையில் விளையாட்டுத் திடலிலும் இரவில் விடுதித் திண்ணையிலும் தங்களுக்குள் ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். ஆசிரியர் யாரும் கற்றுத்தராத மொழி, ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக முளைத்தது.

அப்படித் தனித்தனியாக முளைத்தவை எவ்வளவு வேறுபட்டிருந்தன? 1928இலேயே வங்காளத்தில் எச்.சி. பானர்ஜி என்பவர் கல்கத்தா, டாக்கா, பரிசால் ஆகிய மூன்று ஊர்ப் பள்ளிகளின் சைகைகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். அதன் பிறகு நீண்ட மௌனம். 1970களில்தான் மதன் வசிஷ்டா வருகிறார். சிறுவயதில் காது கேட்காமல் போனவர், பின்னர் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் படித்தவர். அவரும் சைகை மொழி ஆய்வாளர்களான ஜேம்ஸ் உட்வர்டும் கிர்க் வில்சனும் சேர்ந்து 1975இல் இந்தியாவின் 117 காது கேளாதோர் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார்கள். வந்த பதில்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரே சுருதி: இந்தியாவில் சைகை மொழி என்று ஒன்று கிடையாது. சரி, உங்கள் மாணவர்கள் ஏதாவது சைகை செய்கிறார்களா என்ற கேள்விக்கு, ஆமாம், செய்கிறார்கள் என்று பலரும் எழுதியிருந்தார்கள்! கண்ணெதிரே நடப்பதை இப்படி இல்லையென்று சாதிக்க ஒரு பயிற்சி வேண்டும்; மிலான் தீர்மானம் அந்தப் பயிற்சியை நன்றாகவே கொடுத்திருந்தது.

அந்தக் குழு டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களுக்குப் போய் நேரடியாகச் சைகைகளைச் சேகரித்தது. நான்கு ஊர்களிலும் ஏறத்தாழ 75 விழுக்காட்டுச் சைகைகள் ஒன்றோடொன்று உறவுடையவை என்று கண்டார்கள். உட்வர்ட் பின்னர் கராச்சியையும் காத்மாண்டுவையும் சேர்த்து ஒப்பிட்டபோது உறவு 62 முதல் 71 விழுக்காடு வரை வந்தது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை. மொழியியலில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அடிப்படைச் சொற்களில் 81 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே மொழியின் வட்டார வழக்குகள். அதற்குக் கீழே வந்தால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தனித்தனி மொழிகள். இந்தக் கோலை வைத்து அளந்த உட்வர்ட், இவை ஒரே குடும்பத்துத் தனி மொழிகள் என்றார். இலக்கணத்தை வைத்து ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் உல்ரிக்கே செஷான் வேறு முடிவுக்கு வந்தார். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆய்வு கராச்சியையும் புதுடெல்லியையும் அடிப்படையாகக் கொண்டது. சொற்கள் சிலபல மாறினாலும் வாக்கியம் கட்டும் முறை இரண்டு ஊர்களிலும் ஒன்றே. ஆகவே இது ஒரே மொழி என்று சொல்லி அதற்கு இந்திய-பாகிஸ்தான் சைகை மொழி என்றே பெயரிட்டார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரு நாடுகளையும் பிரித்து நிற்கும் எல்லையை இந்தக் கைகள் மதிக்கவில்லை. கொல்கத்தாவின் சைகை மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இந்தப் பட்டிமன்றத்தில் யார் வென்றார் என்பது முக்கியமில்லை. ஆனால் இரு தரப்பும் சேர்ந்து சொல்லும் செய்தி அவருக்கு மிகவும் பயன்படும்: இலக்கணம் ஊருக்கு ஊர் மாறாது, சொல் மாறும். எதை முதலில் கற்க வேண்டும், எதில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பதை இதிலிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

இலக்கணத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இந்தியச் சைகை மொழியில் கேள்விக்கு அடிப்படையாக இருப்பது ஒரே கேள்விச் சைகை. அதை ‘என்ன’ என்று வைத்துக்கொள்வோம். அதன் இடம் வாக்கியத்தின் கடைசி. ‘உன் பெயர் என்ன’ என்பது தமிழில் உள்ள அதே வரிசையில் வந்துவிடும். ‘நீ எங்கே போகிறாய்’ என்று கேட்க, நீ, போ, இடம், என்ன என்று கை ஓடும். எப்போது என்றால் நேரத்தைக் குறிக்கும் சைகையோடு அந்த ‘என்ன’ சேரும். யார் என்றால் முகத்தைக் குறிக்கும் சைகையோடு சேரும். இல்லை என்பதும் கடைசியில்தான் வரும். கூடவே தலையும் இடவலமாக அசையும். ஆம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்விக்குத் தனிச் சைகையே வேண்டாம். புருவம் உயர்ந்து தலை சற்று முன்னே வந்தால் சாதாரண வாக்கியம் கேள்வியாகிவிடும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கையை மட்டும் அழகாக ஆட்டும் புதிய மாணவர் இங்கேதான் அடிபடுகிறார். அவர் கேட்பது கேள்வி என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

காலத்தைக் காட்ட வினைச்சொல்லுக்கு விகுதி ஒட்டுவதில்லை. ‘நான் சாப்பிட்டுவிட்டேன்’ என்பது நான், சாப்பாடு, சாப்பிடு, முடிந்தது என்று வரும். கொடு என்ற சைகை கிளம்பும் இடமும் சேரும் இடமும்தான் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று சொல்கின்றன. என் பக்கத்திலிருந்து உன்னை நோக்கிப் போனால் நான் உனக்குக் கொடுத்தேன். உன் பக்கத்திலிருந்து என்னை நோக்கி வந்தால் நீ எனக்குக் கொடுத்தாய். வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையைக் கைகள் அசையும் வெளி செய்துவிடுகிறது. எதிரே இல்லாத ஆளைக் காற்றில் ஓர் இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, பேச்சு முடியும்வரை அந்த இடத்தைச் சுட்டியே அவரைக் குறிக்கலாம். வினை கடைசியில் வருவது, இல்லை இறுதியில் நிற்பது இவற்றைப் பார்த்துத் தமிழின் சாயல் என்று மகிழ வேண்டாம். கராச்சியிலும் இதே முறைதான். இவற்றை டெல்லியில் கற்றாலும் கோவையில் கற்றாலும் வீணாகாது.

சொற்களின் நிலை வேறு. நாடு முழுவதும் பொதுவாகப் புழங்கும் சைகைகள் நிறைய உண்டு. ஆணுக்கு மீசை, பெண்ணுக்கு மூக்குத்தி இருக்குமிடம் என்று கை போகும். காது கேட்பவர்களும் அன்றாடம் கையால் காட்டும் பாவனைகள் துணைக்கண்டம் முழுவதும் ஒத்திருப்பது இந்த ஒற்றுமைக்கு ஒரு காரணம். காது கேளாதோர் சங்கங்களின் கூட்டங்கள், மாநிலங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள், 1980களின் பிற்பகுதியிலிருந்து தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் வந்த காது கேளாதோருக்கான செய்தி ஆகியவையும் சைகைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோயின. திருமணம் இன்னொரு பெரிய வழி. காது கேளாதவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துணை தேடுவதால், சாதி, மாவட்டம் தாண்டி வரன் அமைவது இவர்களிடையே அபூர்வமில்லை. மணமகளோடு அவள் பள்ளியின் சைகைகளும் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

வேறுபாடு கிழமைகளிலும் நிறங்களிலும் உறவுப் பெயர்களிலும் உணவுகளிலும் ஊர்ப் பெயர்களிலும் தலைகாட்டும். பள்ளி விடுதியில் தினமும் புழங்கி, வெளியார் யாருடனும் பேசத் தேவைப்படாத சொற்கள் இவை என்று கவனித்தால் காரணம் விளங்கும். டெல்லிக்காரர் ஒருவரும் திருநெல்வேலிக்காரர் ஒருவரும் ரயிலில் எதிரெதிரே அமர்ந்து பேசுவதாக வைத்துக்கொள்வோம். டெல்லிக்காரர் புதன்கிழமைக்கு ஒரு சைகை காட்டுகிறார். மற்றவருக்கு அது பிடிபடவில்லை. புருவம் சுருங்குகிறது, உள்ளங்கை விரிகிறது. டெல்லிக்காரர் உடனே விடுமுறை நாளைக் காட்டி, அதிலிருந்து மூன்று விரல்களை மடக்குகிறார். திருநெல்வேலிக்காரர் முகம் மலர்ந்து தன் ஊரின் புதன்கிழமையைக் காட்டுகிறார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள், அந்தப் பெட்டியில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு புதன்கிழமை உடன்படிக்கையாகிவிடுகிறது. இப்படிப் பேசிப் பழகிய சைகையாளருக்கு இது மூச்சு விடுவதைப் போல. பேச்சு மொழிக்காரர்களாகிய நாம்தான் சொல் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்கிறோம்.

சொல்லே இல்லாத இடத்தில் விரலெழுத்து உதவிக்கு வரும். இதிலும் இரண்டு மரபுகள். பிரிட்டிஷ் முறையில் எழுத்துகளைக் காட்ட இரண்டு கைகள் வேண்டும். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் ஒரு கையின் ஐந்து விரல் நுனிகளில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்க முறைக்கு ஒரு கை போதும். இந்தியாவில் வேரூன்றியது பிரிட்டிஷ் வழிவந்த இரு கை முறை. எழுத்துக்கெழுத்து அப்படியே இல்லாமல் இங்கே சில மாற்றங்கள் பெற்றிருக்கிறது. அமெரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் காலடி வைத்த பள்ளிகளில் ஒரு கை முறையும் புழங்குகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஆங்கில எழுத்து என்பதுதான் சிக்கல். தமிழ் வழியில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வேலைக்குப் போனவரிடம் ஆங்கில எழுத்துகளை விரலால் கொட்டினால் என்ன பயன்? தமிழ் எழுத்துகளுக்கென்றே கைவடிவங்களை உருவாக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 247 எழுத்துகளையும் விரலில் அடக்குவது ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அழகாக இருக்கும். அன்றாடத்தில் பலரும் செய்வது, உள்ளங்கையிலோ காற்றிலோ எழுத்தை வரைந்து காட்டுவதுதான். அல்லது கைபேசியில் தட்டிக் காட்டிவிடுகிறார்கள்.

புதிதாகக் கற்பவர் சிக்கிக்கொள்ளும் இன்னொரு கண்ணி, பள்ளி ஆசிரியர்கள் சிலர் பயன்படுத்தும் ‘சைகைத் தமிழ்’. தமிழ் வாக்கியத்தைப் பேசிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு சைகையைப் பொருத்திக்கொண்டு போவது இது. பாடப் புத்தகத்தின் வாக்கியத்தை மாணவருக்குக் காட்டித்தர இதற்கு ஒரு பயன் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாணவர்கள் தங்களுக்குள் பேசுவது இதுவன்று. மேலே சொன்ன கேள்வி முறையோ, வெளியைப் பயன்படுத்தும் வினையோ இதில் கிடையாது. டெல்லியில் இதே வேலையை இந்தியை வைத்துச் செய்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சைகை மொழி முற்றிலும் வேறு என்ற எண்ணம் வலுப்பட இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாறுவது அடியில் ஓடும் பேச்சு மொழிதான். உதட்டசைவிலும் இதைப் பார்க்கலாம்: கை ஒரே சைகையைக் காட்டும்போது, சென்னையில் உதடு தமிழ்ச் சொல்லையும் டெல்லியில் இந்திச் சொல்லையும் முணுமுணுக்கும்.

இதுவரை சொன்னது நகரங்களின், பள்ளிகளின் கதை. இந்தியாவுக்குள் இந்தக் குடும்பத்தோடு சேராத சைகை மொழிகளும் இருக்கின்றன. அவற்றில் நன்றாக ஆராயப்பட்டது அலிபூர். கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில், கௌரிபிதனூருக்கு அருகில் உள்ள ஊர் அது. சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் பேசும் இந்துக் கிராமங்கள். நடுவில் உருது பேசும் ஷியா முஸ்லிம்கள். ரத்தினக் கல் வணிகத்துக்கும் பேர்போன ஊர். தலைமுறை தலைமுறையாகத் திருமணங்கள் ஊருக்குள்ளேயே நடந்ததால் பிறவியிலேயே காது கேளாதவர்கள் அங்கே அதிகம், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். தெருவுக்குத் தெரு காது கேளாதவர் இருக்கும் ஊரில், காது கேட்பவர்களுக்கும் சைகை தெரிந்தே ஆக வேண்டும். பள்ளி எதுவும் இல்லாமல், குடும்பங்களுக்குள்ளும் கடைகளிலும் வளர்ந்த மொழி அது. காது கேளாதவரான மொழியியலாளர் சிபாஜி பண்டா அதை ஆராய்ந்து, இந்தியச் சைகை மொழியிலிருந்து வேறுபட்ட தனி மொழி என்று பதிவு செய்தார்.

இதைப் போன்ற ஊர்கள் வேறும் உண்டு. ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் தட்காய் கிராமம் செய்திகளில் அடிக்கடி வருவது. நாகா மலைகளில் சில ஊர்களில் காது கேளாதோர் மிகுதியாக இருப்பதையும், அவர்கள் சைகையால் விரிவாகப் பேசிக்கொள்வதையும் ஆங்கிலேய அதிகாரி ஜே.எச். ஹட்டன் 1921இலேயே குறித்துவைத்தார்.

பெங்களூரில் தேர்ந்த சைகையாளர் ஒருவர் அலிபூருக்குப் போனால், ரயிலில் திருநெல்வேலிக்காரரோடு செய்துகொண்ட புதன்கிழமை உடன்படிக்கை அங்கே கைகொடுக்காது. சொல் மட்டுமில்லை, மொழியே வேறு. அதைக் கற்க வகுப்பும் கிடையாது, பட்டயப் படிப்பும் கிடையாது. ஊரில் போய் உட்கார வேண்டும். உட்காரும் நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. அலிபூரின் காது கேளாத பிள்ளைகள் இப்போது வெளியூர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். திரும்பும்போது இந்தியச் சைகை மொழியோடு வருகிறார்கள். வேலைக்கும் வெளியூர் நட்புக்கும் அது உதவுகிறது. தாத்தாவின் சைகை பேரனுக்குப் பழசாகத் தோன்றுகிறது. ஊரைவிட்டுத் திருமணம் செய்யச் சொல்லி மருத்துவர்கள் கொடுக்கும் ஆலோசனை நியாயமானதே. அதுவும் சேர்ந்துதான் அந்த மொழிக்கு நாள் குறிக்கிறது.

இந்தப் பின்னணியில் அரசின் வேலையைப் பார்க்க வேண்டும். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் டெல்லியில் 2015இல் அமைந்தது. அது வெளியிட்ட அகராதியில் 2018இல் 3,000 சொற்கள், 2019இல் 6,000, 2021இல் 10,000. சட்டம், மருத்துவம், வேளாண்மை என்று துறைச் சொற்களும் உண்டு. சில சொற்களுக்கு வட்டார வேறுபாடுகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். 2021இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இடைநிலை வகுப்பில் சைகை மொழியை ஒரு மொழிப் பாடமாகவே கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். ‘இடைக்காலத் தடை’க்கும் ‘மேல்முறையீட்டு’க்கும் அப்போது ஒரு பொதுச் சைகை வேண்டியிருக்கிறது. எந்தப் பள்ளி விடுதித் திண்ணையிலும் அப்படியொரு சொல் பிறந்திருக்க முடியாது. பொதுமொழி கூடாது என்று பேசுகிறவர்கள் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் நிற்கும் காது கேளாதவரின் நிலையை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இந்நாட்டில் மிகச் சிலரே. அவர்களும் ஆளுக்கொரு சைகையைக் காட்டினால் கிடைக்கும் உதவியும் கிடைக்காமல் போகும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதற்காகவே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது. இந்தியச் சைகை மொழி நாடு முழுவதற்கும் தரப்படுத்தப்படும் என்கிறது முதல் வாக்கியம். உள்ளூர்ச் சைகை மொழிகளுக்கு மதிப்பளிக்கப்படும், இயன்ற இடத்தில், பொருந்தும் இடத்தில் அவையும் கற்பிக்கப்படும் என்கிறது அடுத்தது. முதல் வாக்கியத்துக்கு மையமும் அகராதியும் பாடத்திட்டமும் கிடைத்துவிட்டன. இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன கிடைத்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ‘இயன்ற இடத்தில்’ என்ற சொல் அரசு ஆவணங்களில் வரும்போது அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா?

இனி, சென்னையில் நாம் விட்டுவந்த அந்த மாணவர் என்ன செய்யலாம்? அகராதியிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அகராதி தனிச் சைகைகளைக் காட்டும். புருவம் எப்போது உயர வேண்டும் என்பதைக் காட்டாது. காது கேளாத ஆசிரியர் நடத்தும் அடிப்படை வகுப்பு ஒன்றைத் தேடிப் பிடிப்பது நல்லது. அங்கே வாயைத் திறக்காமல் இருக்கும் முதல் சில வகுப்புகள் கடினமாக இருக்கும், பரவாயில்லை. கேள்வியும் மறுப்பும் வெளியும் முகமும் முதலில் கைவசமாகட்டும். சொற்களைத் தன் ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே சொல்லுக்கு அகராதிச் சைகையும் தையற்கடைப் பெரியவரின் சைகையும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவரிடம் பேசும்போது பெரியவருடையதை, தேர்விலும் நீதிமன்றத்திலும் அகராதியுடையதை. அவருடைய சைகையைத் திருத்தப் புறப்படுவது மட்டும் வேண்டாம். அண்மையில் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய காது கேட்பவர்கள், ஐம்பது ஆண்டாகச் சைகை மொழியில் வாழ்கிறவரிடம் “இது தவறு, சரியான சைகை இப்படி” என்று சொல்லும் காட்சிகள் இப்போது தென்படத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளைப் பருவத்தில் அதே கைகளைக் கட்டிப்போடச் சொன்ன ஆசிரியர்களைத் தாண்டி வந்தவர் அவர்.

தமிழ்நாட்டில் உடனடியாகச் செய்ய முடிந்த வேலையும் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் இல்லை. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் பழைய விடுதிகளில் படித்து இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்களுடைய பள்ளிக் காலத்துச் சைகைகளை வீடியோவில் பதிவு செய்யலாம். தனிச் சொற்களைக் கேட்டு வாங்குவதைவிட, இரண்டு பழைய விடுதித் தோழர்களை எதிரெதிரே அமர்த்திப் பேசவிடுவது மேல்; எந்தச் சைகை எந்தப் பள்ளியில், எந்த ஆண்டுகளில் புழங்கியது என்பதும் பக்கத்திலேயே பதிவாக வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர்கள் காது கேளாத இளைஞர்களே. காது கேட்பவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றால், பெரியவர்கள் பழக்க தோஷத்தில் தங்கள் சைகையைச் சுருக்கி, மெதுவாக்கி, நமக்குப் புரியும்படி மாற்றிக் காட்டத் தொடங்கிவிடுவார்கள்.